அலைவேந்தரும் நடுப்பெட்டியும்

அலைவேந்தர் வந்தால் மிஷின்கள்கூட எழுந்து நிற்கும் என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். மிஷின் எழுந்து நின்றதை நான் பார்த்ததில்லை. முதலாளிகள் எழுந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். தொழிலாளி சம்பளம் கேட்டு வந்தால் தலை நிமிராத மனிதர்கள், அவர் கார் திரும்புவதற்குள் வாசலுக்கு ஓடிவந்து கைகட்டி நின்றார்கள்.

எங்கள் தெரு முழுக்கச் சின்னச் சின்ன ஃபேக்டரிகள். ஒருத்தர் பாட்டில் செய்கிறார், ஒருத்தர் அட்டைப்பெட்டி, ஒருத்தர் திருகாணி. நாங்கள் பாட்டில் மூடி. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஃபேக்டரி வந்த நாளிலிருந்து இந்தத் தெருவில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. ஆர்டர் ஒவ்வொன்றாக ரோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் அலைவேந்தர் வந்து சேர்ந்தார். வீடு பற்றி எரியும்போது விசிறியோடு வருகிறவர்களும் உலகத்தில் உண்டல்லவா.

போட்டித்திறன் அலை ஆராய்ச்சியாளர் என்று அவர் அட்டையில் அச்சிட்டிருந்தது. எங்கே ஆராய்ந்தார், எதை ஆராய்ந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆராய்ச்சி என்ற சொல் காதில் விழுந்ததும் நம் ஆட்களுக்கு வாய் கட்டிப்போகும். கேட்டால் முட்டாள் என்று நினைத்துவிடுவார்களாம். கேட்காதவனை என்னவென்று நினைப்பார்கள் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

அவருடைய ஆராய்ச்சியின் சாரம் இதுதான். ஒவ்வொரு மிஷினுக்கும் ஓர் அலை. ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் அலை. இரண்டும் பொருந்தினால் உற்பத்தி பொங்கும். பொருந்தாவிட்டால் சரக்கெல்லாம் கழிவு. இதை அளக்க அவரிடம் ஒரு கருவி இருந்தது. சங்கிலியில் தொங்கும் ஒரு பித்தளைக் குண்டு. கெட்ட அலை வந்தால் அது சுற்றுமாம். சங்கிலியின் மறுமுனை அவர் விரலில் இருந்தது என்பது சின்ன விஷயம், அதை விட்டுவிடுவோம்.

நோய்க்கு மருந்தும் அவரே விற்றார். உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்பு வில்லை. மிஷினின் மூடியைத் திறந்து உள்ளே ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு யாரும் அதைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சக்தி போய்விடும். என்ன அருமையான நிபந்தனை பாருங்கள். கத்தரிக்காய் விற்கிறவன் பையைத் திறந்து பார்க்காதே என்று சொன்னால் அவனை உதைப்போம். இவருக்கு மாலை போட்டோம். இன்னொரு நிபந்தனையும் உண்டு. தினம் காலையில் ஒரு மணி நேரம் எல்லா மிஷினையும் நிறுத்திவைக்க வேண்டும். வில்லையும் மிஷினும் ஒன்றையொன்று பழகிக்கொள்கிற மௌன வேளையாம் அது.

எங்கள் முதலாளிக்கு மிஷின் நின்றால் மூச்சே நின்ற மாதிரி. மூடி வார்க்கிற அச்சைக் குளிர வைக்கிற தண்ணீர்க் குழாயில் உப்பு அடைத்திருக்கிறது, தினம் கொஞ்ச நேரம் நிறுத்தினால் கழுவிவிடலாம் என்று மெக்கானிக் மாசக்கணக்கில் கெஞ்சினார்.

"கழுவறதுக்கு நான் என்ன பாத்திரமா வச்சிருக்கேன்? ஓடற வரைக்கும் ஓடட்டும்யா" என்பார் முதலாளி.

அதே முதலாளி, அலைவேந்தர் மௌனம் என்றதும் மறுபேச்சில்லாமல் ஸ்விட்சை அணைத்தார். படித்துப் படித்துச் சொன்னதைக் கேட்காத காது, குண்டு ஆடினதும் கேட்டது. நாலாம் நம்பர் மிஷினை மட்டும் நிறுத்தவில்லை. மஞ்சள் மூடி அவசர ஆர்டர் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை அலைவேந்தரிடம் அவர் சொல்லவும் இல்லை.

அந்த நாலாம் நம்பரை ஓட்டுகிறவள் என் அக்கா. மாமா முதுகு ஒடிந்து வீட்டோடு இருக்கிறார். அக்கா சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. எனக்கு இங்கே ஸ்டோரில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

வில்லை ஒட்டிய மறுநாள் முதலாளியம்மா ஸ்டோருக்கு வந்தார். ஆர்டர், டெலிவரி, திரும்பி வருகிற சரக்கு எல்லாம் அவர் பொறுப்பு. அதிகம் பேசமாட்டார்.

"தம்பி, ஷிப்ட் மாறும்போது ஒரு வேலை செய். எல்லா மிஷின்லேர்ந்தும் அந்த வில்லையை எடுத்து ஒரு பெட்டியில போட்டு உன் ஸ்டோர்ல வை. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"ஐயாவுக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடுவாரும்மா."

"எப்படித் தெரியும்? பார்க்கக் கூடாதுன்னு அவரே சொல்லியிருக்காரே. போட்டுப் பார்த்தாச்சு, எடுத்தும் பார்க்க வேண்டாமா?"

எடுத்தேன். பெட்டியில் போட்டுப் பழைய சாக்குகளுக்கு அடியில் தள்ளினேன்.

அடுத்த சில நாட்களில் அதிசயம் நடந்தது. கழிவு மூடிகள் மளமளவென்று குறைந்தன. கோணல் மூடி இல்லை, ஒழுகுகிற மூடி இல்லை. முதலாளி அலைவேந்தரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். பக்கத்து முதலாளிகளைக் கூட்டிவந்து காட்டினார். "வில்லை வேலை செய்யுது, கண்ணால பாருங்க" என்றார். அந்த வில்லைகள் சாக்குக்கு அடியில் கிடந்து என்ன வேலை செய்தனவோ எனக்குத் தெரியாது. சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விலா வலித்ததுதான் மிச்சம்.

ஒரே ஒரு குறை. நாலாம் நம்பரில் மட்டும் கழிவு குறையவே இல்லை. மஞ்சள் மூடிகள் வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி வளைந்து வந்தன. முதலாளி மறுபடி அலைவேந்தரை அழைத்தார். இந்தத் தடவை தெருவே கூட வந்தது. திருகாணிக்காரர், பாட்டில்காரர், அட்டைப்பெட்டிக்காரர், அவர்களுடைய மேனேஜர்கள் என்று உள்ளே கால் வைக்க இடமில்லை.

வந்ததும் ஒரு மிஷின்மேல் கை வைத்துக் கண்ணை மூடினார் அலைவேந்தர். "ஆகா, வில்லைகள் முழு வீச்சில் இயங்குகின்றன" என்றார். கூட்டம் தலையாட்டியது. பிறகு குண்டைத் தொங்கவிட்டு நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, எதிலும் அசைவில்லை. நாலாம் நம்பர் அருகே வந்ததும் குண்டு சுற்றியது பாருங்கள், ராட்டினம் தோற்றது.

"மிஷினில் குற்றமில்லை. இந்த அம்மாவின் அலை மிஷினைத் தின்கிறது. இவர் இங்கே இருக்கும்வரை உங்கள் போட்டித்திறன் ஏறாது."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "நான் என்ன தப்பு பண்ணேன் சார்?"

"குற்றம் உங்கள் மேல் இல்லை அம்மா. அலை மேல்."

"அப்போ அலையை வேலையை விட்டு நிறுத்துங்க. என்னை ஏன் நிறுத்தறீங்க?"

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "வாரக் கடைசியோட நின்னுக்கோம்மா. எனக்கு வேற வழியில்ல" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் அக்காவுக்குப் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. அலை ஒட்டிக்கொள்ளுமாம். அவள் தூக்கில் குழம்பு வாங்கித் தின்றவர்கள்தான் எல்லோரும். அவள் டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடாமலே எழுந்தாள். "வீட்ல மாமாகிட்ட நான் என்னடா சொல்லுவேன்?" என்று என்னைக் கேட்டாள். நேராக முதலாளியம்மா அறைக்குப் போனேன்.

அவர் என்னைப் பார்த்ததும் கேட்ட கேள்வி வேறு. "தம்பி, அந்த ஆள் நடக்கும்போது எதைப் பார்த்தாரு, கவனிச்சியா?"

"குண்டைத்தான்."

"இல்ல. எங்க வீட்டுக்காரரைப் பார்த்தாரு. எங்க வீட்டுக்காரரு உள்ள வந்ததிலேர்ந்து நாலாம் நம்பரை விட்டுக் கண்ணை எடுக்கல. பயந்த மனுஷன் பயந்த இடத்தையே பார்ப்பாரு. அது போதும் அந்தக் குண்டுக்கு."

அலைவேந்தர் இன்னும் வரவேற்பறையில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். முதலாளியம்மா போய்ப் பணிவாகக் கேட்டார். "சார், அந்தம்மா தொட்ட மூடியிலயும் அந்த அலை இருக்குமா?"

"தொட்டதில் எல்லாம் இருக்கும்."

"மூடின பெட்டிக்குள்ள இருந்தாலும் தெரியுமா?"

"சுவருக்குப் பின்னால் இருந்தாலும் தெரியும் அம்மா" என்றார், தெரு முதலாளிகள் காதில் விழும்படி.

"அப்படின்னா நாளைக்கு ஒரு தடவை காட்டிடுங்க. கண்டுபிடிச்சீங்கன்னா அந்தம்மாவை நானே அனுப்பி வைக்கறேன். இந்தத் தெருவுல மத்த ஃபேக்டரிக்கும் நீங்கதான்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று எந்த வேந்தர் சொல்வார்.

மறுநாள் பேக்கிங் அறையில் ஒரே மாதிரி ஐந்து அட்டைப்பெட்டிகளை வரிசையாக வைத்தோம். நாலில் மற்ற மிஷின்களின் வெள்ளை மூடி. ஒன்றில் அக்காவின் மஞ்சள் மூடி. அதை முதலாளியே தன் கையால் நிரப்பி, டேப் ஒட்டி, நடுவில் வைத்தார். பிறகு அலைவேந்தரை வரவேற்க வாசலுக்கு ஓடினார்.

அவர் முதுகு மறைந்ததும் முதலாளியம்மா என்னைப் பார்த்தார். வாசலோரம் கடைசியில் இருந்த வெள்ளை மூடிப் பெட்டியை வெளியே எடுத்தேன். நடுப்பெட்டியைத் தூக்கி அந்தக் கடைசி இடத்தில் வைத்தேன். சாக்குக்கு அடியிலிருந்த என் பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். அதுவும் அதே மாதிரி அட்டைப்பெட்டிதான், டேப்பும் ஒட்டியிருந்தேன். பிறகு இருவரும் பின்சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டோம். எங்கள் முகம் அலைவேந்தர் கண்ணில் படக் கூடாது என்பது முதலாளியம்மாவின் உத்தரவு.

அலைவேந்தர் கூட்டத்தோடு உள்ளே வந்தார். தோல் பையைக் கழற்றி, வைக்க இடம் தேடி, வாசலோரப் பெட்டிமேல் வைத்தார். உள்ளே அக்காவின் மஞ்சள் மூடி இருந்தது. அலை எதுவும் பையைக் கடித்ததாகத் தெரியவில்லை.

குண்டு கிளம்பியது. முதலாளி நடுப்பெட்டியை முறைத்துக்கொண்டு நின்றார். இமைகூட அசையவில்லை. அக்கா கதவுக்கு வெளியே முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் பெட்டி, சும்மா. இரண்டாவது, சும்மா. போகிற போக்கில் அலைவேந்தரின் கடைக்கண் முதலாளி பக்கம் ஒரு நடை போய்வந்தது. நடுப்பெட்டிக்கு மேலே குண்டு வந்ததும் பேய் பிடித்த மாதிரி சுற்றியது.

"இதுதான். நஞ்சு, நஞ்சு. இதைத் திறக்கக்கூட வேண்டாம். அப்படியே தூரமாகக் கொண்டுபோய் எரித்துவிடுங்கள்."

முதலாளி சந்தோஷத்தில் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "நான் வச்ச பெட்டி. அதேதான்."

"சந்தேகமே இல்லையா சார்?" என்றார் முதலாளியம்மா.

"என் ஆராய்ச்சிமேல் ஆணை."

முதலாளியம்மா முன்னால் வந்து டேப்பைக் கிழித்து, பெட்டியைக் கவிழ்த்தார். தரையில் கலகலவென்று கொட்டியது, செப்பு வில்லை. ஒன்று உருண்டுபோய் அலைவேந்தரின் காலடியில் சுற்றிச் சுற்றி விழுந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரோ பெட்டியை மாற்றிவிட்டார்கள்."

"நான்தான் மாத்தினேன். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது, அதனால உங்க குண்டுக்கும் தெரியல."

"அது... இந்த வில்லைகள் மிஷினில் இருந்த கெட்ட அலையை எல்லாம் உறிஞ்சியிருக்கின்றன. அதனால்தான் சுற்றியது."

"எந்த மிஷின்ல? நீங்க ஒட்டின மறுநாளே எடுத்தாச்சு. அதுலேர்ந்து ஸ்டோர்ல சாக்குக்கு அடியிலதான் கிடக்கு. நேத்து முழு வீச்சில இயங்குதுன்னு சொன்னீங்களே, அது சாக்குங்களா?"

அறையே குலுங்கிச் சிரித்தது. அலைவேந்தர் பையை எடுக்கப் போனார். "சார், அந்தப் பெட்டிதான் எங்க அக்காவோடது. பையைக் கழுவிட்டுப் போங்க" என்றேன். எனக்கும் நாக்கு இருக்கிறதல்லவா. குண்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு அவர் போன வேகத்தில் எங்கள் மிஷின் ஓடியிருந்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஃபேக்டரியை எப்போதோ மூடியிருப்பார்கள்.

முதலாளி அசடு வழிய நின்றார். "அப்போ கழிவு எப்படிக் குறைஞ்சுது?"

"தினம் ஒரு மணி நேரம் மிஷினை நிறுத்தினீங்க. அந்த நேரத்துல மெக்கானிக் குழாயைக் கழுவினார். அச்சு நல்லாக் குளிர்ந்துது, மூடி வளையல. அவ்வளவுதான். நாலாம் நம்பரை மட்டும் நிறுத்த விடல. அதனால அது மட்டும் தேறல. பாவம், பழி அந்தம்மா தலையில."

நாலாம் நம்பரை அப்போதே நிறுத்தினார்கள். மெக்கானிக் குழாயைக் கழற்றித் தட்ட, கட்டி கட்டியாக உப்பு விழுந்தது. அலையின் நிறம் வெள்ளை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். மறுபடி அக்கா ஓட்டினாள். வட்டம் தப்பாத மஞ்சள் மூடிகள் வந்து விழுந்தன.

"மனசுல வச்சுக்காதேம்மா. நீ வேலைக்கு வா" என்றார் முதலாளி.

"வரேங்கய்யா. நேத்து என் பக்கத்துல உட்காராதவங்களை இன்னிக்கு வந்து உட்காரச் சொல்லுங்க" என்றாள் அக்கா. அன்று சாப்பாட்டு மேசையில் அவளைச் சுற்றி நெரிசல். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டாள். அதுவும் சரிதான்.

சாயங்காலம் திருகாணிக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அன்று அறையில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்.

"தம்பி, எங்க மிஷின்லயும் அந்த வில்லை இருக்கு. எடுத்துடலாமா?"

"எடுத்துப் பாருங்க சார்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எடுத்து ஏதாவது ஆயிட்டா?"

இன்றைக்கும் அது அவர் மிஷினுக்குள்தான் இருக்கிறது. மூடியைத் திறக்கப் பயந்து, அவர் தன் மிஷினுக்கு எண்ணெய்கூட விடுவதில்லை. திருகாணி எல்லாம் மரை கெட்டு வருகிறது என்று புலம்பிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பார்த்தால் போய்விடுகிற சக்தி எதுவானாலும், ஐயா, முதலில் அதைத் திறந்து பாருங்கள்.