சென்சாருக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்

மழை பெய்கிறதா என்று ஜன்னலைத் திறந்து பார்க்கிறவர்கள் ஒரு ரகம். கைபேசியைப் பார்த்து, "பெய்யலையே" என்று சொல்லிவிட்டு, தொப்பலாக நனைந்து வீடு போய்ச் சேர்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தை நீங்கள் பார்த்ததில்லை என்றால், ஒரு தொடக்கப்பள்ளியின் பின்பக்கம் வாருங்கள். அதோ, பாத்தியோரம் குனிந்து நிற்கிறாரே, மூன்றாம் வகுப்பு ஆசிரியர், அவர்தான். குனிந்திருப்பது செடியைப் பார்க்க அல்ல. வெயிலில் திரை தெரியவில்லை.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'சென்சார் சார்'.

அந்தத் துண்டு நிலம் அவருக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லை என்று மற்ற ஆசிரியர்களெல்லாம் அதன் மேல் கண் வைத்திருக்க, அவர் தலைமையாசிரியையிடம் நடையாய் நடந்து, கெஞ்சி, பிள்ளைகளுக்கு மண் தெரிய வேண்டாமா என்று கண்கலங்கி வாங்கினார். அந்த அம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை.

"பெற்றோர் கூட்டத்தன்னிக்கு வாயில போட்டுத் திங்கிற மாதிரி ஏதாவது ஒண்ணு காய்ச்சிருக்கணும் சார். இல்லன்னா சிமெண்டு போட்டு வண்டி நிறுத்திடுவோம்."

"ஒண்ணு என்ன மேடம், கூடையோட தரேன்."

நீங்களும் நானும் என்ன செய்வோம்? விதை வாங்குவோம். அவர் முதலில் மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சார் வாங்கினார். அதற்கு மின்சாரம் தரத் தட்டளவில் ஒரு சூரியத் தகடு, செடி வளர்வதைப் படம் பிடிக்கக் கம்பத்தில் ஒரு கேமரா, எல்லாவற்றையும் கைபேசியில் காட்ட ஒரு செயலி. கடைசியாக, யாரோ ஞாபகப்படுத்தியதும், வெண்டை விதை.

காலை வணக்கம் முடிந்ததும் பிள்ளைகள் பாத்தியைச் சுற்றி நிற்பார்கள். அவர் கைபேசியை உயர்த்திப் பிடிப்பார்.

"தோட்டம் என்ன சொல்லுது?"

"தாகமா இருக்காம் சார்."

குவளை குவளையாகத் தண்ணீர் வரும். எங்கே ஊற்றுவது? செடிக்கு ஊற்றினால் திரையில் எண் ஆடி அசைந்து ஏறும். சென்சார் காலடியில் ஊற்றினால் விர்ரென்று ஏறும். பிள்ளைகள் முட்டாள்களா என்ன? விர்ரென்று ஏற்றினார்கள். ஏறியதும் எல்லோரும் கைதட்டினார்கள். முதலில் தட்டியது அவர்.

வீட்டிலும் இதே கதைதான். சாப்பிடும்போது கைபேசி கீச்சிடும்.

"என்னங்க அது?" என்பாள் மனைவி.

"செடிக்குத் தாகமாம்."

"எனக்குந்தான். அந்தச் சொம்பக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க."

அவர் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் உப்பு டப்பாவைத் தள்ளுவார்.

கூட்ட நாள் வந்தது. வெண்டைச் செடிகள் குச்சி குச்சியாக நின்றன. சென்சாரைச் சுற்றி மட்டும் புல் முழங்கால் உயரத்துக்குக் கொழுத்திருந்தது. அவர் கவனிக்காமல் இல்லை. ஆனால், 'உங்கள் தோட்டம் மிக நலம்' என்று திரை சிரித்ததே. வாடிய முகத்தை நம்புவதா, சிரிக்கிற முகத்தை நம்புவதா?

தலைமையாசிரியை வந்தார். பின்னால் பெற்றோர்.

"சார், இதெல்லாம் என்ன?"

"வெண்டை மேடம்." கைபேசியை நீட்டினார்.

"நான் செடியக் கேட்டேன். இந்தப் புல்ல யாரு திங்கிறது, நானா?"

பெற்றோர் சிரித்தார்கள். ஓர் அப்பா, எத்தனை வண்டி நிறுத்தலாம் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார். நிலம் போகப் போகிறது.

"மேடம், அங்க தக்காளி இருக்கு," என்றாள் ஒரு சின்னப் பெண்.

பின்சுவரோரம், சிக்னல் எட்டாத மூலையில், ஒரு தக்காளிச் செடி யார் அனுமதியும் கேட்காமல் படர்ந்து, கொத்துக் கொத்தாகப் பழுத்திருந்தது.

"யாரு வச்சது?"

யாரும் வைக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவில் பிடிக்காத தக்காளியைப் பிள்ளைகள் வீசுகிற மூலை அது.

"தண்ணி?"

"பாட்டில்ல தண்ணி அப்படியே இருந்தா அம்மா திட்டுவாங்க மேடம். அதான் வீட்டுக்குப் போறப்ப எல்லாரும் இங்க கொட்டிடுவோம்."

பின்னால் நின்ற அம்மாக்கள் அவரவர் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தலைமையாசிரியை ஒரு பழத்தைப் பறித்து, கைக்குட்டையால் துடைத்து, கடித்தார். மெதுவாக மென்றார்.

"நல்லாத்தான் இருக்கு. சரி, அடுத்த கூட்டம் வரைக்கும் தோட்டம் இருக்கட்டும்."

தக்காளியைக் காட்டிய சின்னப் பெண்ணைத் தவிர எல்லோரும் போன பிறகு அவர் அந்தச் செடியருகே உட்கார்ந்தார். கைபேசி சட்டைப்பையில் இருந்தது. இலையைத் தொட்டார். விரலை முகர்ந்தார். கண் நிறைந்தது. திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் நினைத்தேன்.

"பாவம், இத்தன நாளா ஒரு சிக்னல்கூட இல்லாம எப்படித்தான் தனியா இருந்துச்சோ," என்று அந்தப் பெண்ணிடம் தழுதழுத்தார். பொழுது சாய்வதற்குள் அந்த மூலைக்கென்று இன்னொரு சென்சாருக்குச் சொல்லியாயிற்று.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அது இருக்கட்டும், நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா? சும்மாதான் கேட்டேன். பதில் சொல்வதற்கு முன்னால் மணிக்கட்டைத் திருப்பி, தூக்கத்தை அளக்கிற அந்தக் கடிகாரத்தில் என்ன பார்க்கிறீர்கள்?