மாடு இல்லாத சந்தை

"நம்ம பல்கலைக்கழக இதழுக்கு ரோசரியம்மா எழுதின கட்டுரையைப் படிச்சேன். அதுல ஒரு குறை இருக்கு. அச்சுக்குப் போறதுக்குள்ள சரி பண்ணிடுங்க. எனக்கு பிளைட்டுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுத் துணைவேந்தர் அடைக்கலம் போனை வைத்துவிட்டார்.

பதிவாளர் சக்ரபாணிக்கு வியர்த்துக் கொட்டியது. என்ன குறை என்று கேட்டிருக்கலாம்தான். ஆனால் துணைவேந்தரிடம் கேள்வி கேட்கும் கெட்ட பழக்கம் அந்தப் பல்கலைக்கழகத்தில் யாருக்குமே கிடையாது. போதாக்குறைக்கு இது அவர் ஓய்வுபெறும் மாதம். துணைவேந்தர் டெல்லியிலிருந்து திரும்பி வந்து கையெழுத்துப் போட்டால்தான் பணி நீட்டிப்பு.

கட்டுரையை எடுத்துப் புரட்டினார். மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து ரகசியமாக விலை பேசுவதைப் பற்றிப் பொருளாதாரப் பேராசிரியை ரோசரி எழுதியிருந்தார். படிக்கப் படிக்க, போன மாதம் தன் மச்சினனை நூலக வேலையில் நுழைத்த விதம் சக்ரபாணிக்கு ஞாபகம் வந்து தொலைத்தது.

"பெருமாளே! இது மாட்டைப் பத்தி இல்லை, நம்மளைப் பத்தின்னா எழுதியிருக்கா!"

ரோசரியை உடனே வரச் சொன்னார்.

"தரகர்ங்கறது மரியாதையா இல்லைம்மா. பொறுப்பாளர்னு போடுங்கோ."

"சந்தையில ஏது சார் பொறுப்பாளர்?"

"சந்தையும் வேண்டாம். வளாகம்னு போட்டுடலாம். அப்புறம் இந்த மாடு... படிக்கிறவா நம்ம ஆசிரியர்களைச் சொல்றதா நினைச்சுப்பா."

"மாட்டை எடுத்துட்டா அங்க என்ன சார் நிக்கும்?"

"வந்தவர்கள்னு பொதுவா இருக்கட்டுமே. பல்லைப் பிடிச்சுப் பாக்கறதுன்னு வேற எழுதியிருக்கேள், அபசாரம்! தகுதியைச் சரிபார்ப்பதுன்னு மாத்துங்கோ. துண்டுன்னா அரசியல் வாடை அடிக்கறது. பொன்னாடைன்னா கௌரவமா இருக்கும்."

ரோசரி எழுந்துவிட்டார். "சார், நான் வாராவாரம் சந்தைக்குப் போய் கண்ணால பாத்து எழுதினது இது. ஆராய்ச்சியில என்ன எழுதணும்னு ஆபீஸ் சொல்லக் கூடாது. என் பேரை எடுத்துடுங்க. யாரு எழுதினாங்களோ அவங்க பேரைப் போட்டுக்குங்க."

சக்ரபாணிக்கு இது நல்ல யோசனையாகவே பட்டது. இவ்வளவு பாடுபட்டதற்குப் பேராவது மிஞ்சட்டுமே! 'நம் மணப்பாறை' என்று இருந்ததில் மணப்பாறையையும் அடித்துவிட்டு, தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்லி அச்சகத்துக்கு அனுப்பினார். முழுதாக ஒருமுறை படித்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

துணைவேந்தர் திரும்பும் நாளன்று இதழ் வந்தது. எல்லாத் துறைகளுக்கும் கொடுத்தனுப்பிவிட்டு, சக்ரபாணி ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்து, துளசியும் கையுமாக விமான நிலையம் போனார். விமானம் தாமதம். பொழுது போகாமல் தன் கட்டுரையைப் பிரித்தார்.

'நம் வளாகத்துக்கு வந்தவர்களின் தகுதியைச் சரிபார்த்த பிறகு, பொறுப்பாளர் பொன்னாடைக்கு அடியில் கையை நீட்டி, வெளியே தெரியாமல் விலை பேசுகிறார்.'

மேலே பார்த்தார். 'முனைவர் சக்ரபாணி, பதிவாளர்' என்று பளிச்சென்று இருந்தது.

பணி நீட்டிப்பு கிடக்கட்டும், பென்ஷனாவது வருமா? இதழை மடித்துச் சட்டைக்குள் திணிக்கப் போனார். அதற்குள் கணவரை அழைத்துப் போக வந்திருந்த துணைவேந்தரின் மனைவி ரெங்கம்மாள் அதைப் பார்த்துவிட்டார்.

"அட, புத்தகம் வந்துடுச்சா! கொடுங்க சார்" என்று வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆவலாகப் பக்கம் பக்கமாகத் தேடினார். கடைசிப் பக்கம்வரை போய்விட்டு, குழப்பத்தோடு நிமிர்ந்தார்.

"என்ன சார், எங்க மாமனார் பேரையே காணோம்? ஆயுசு முழுக்க அந்த மாட்டுச் சந்தையில தரகு பாத்தவராச்சே! 'கட்டுரை பிரமாதம், அப்பா பேரு இல்லாததுதான் ஒரே குறை, சரி பண்ணச் சொல்லியிருக்கேன்'னு இவரு அன்னிக்கு என்கிட்ட அவ்வளவு சந்தோஷமா சொல்லிட்டுப் போனாரே!"