ஒரு டம்ளர் அரிஷ்டமும் ஒரு கள்ளுஷாப்பும்

நான் வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். (யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன்.) வடகரப்பதியில் எங்கள் தெருமுனைக் கள்ளுஷாப்பை மூடச் சொல்லி, பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் வெயிலில் உட்கார்ந்தேன். உள்ளே குடித்துக்கொண்டிருந்தவர்கள் பாவம் பார்த்து எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தனுப்பினார்கள். அதையும் திருப்பி அனுப்பினேன். அவ்வளவு வீராப்பு.

அன்று வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல ஒரு டம்ளர் அரிஷ்டம் குடித்துவிட்டுப் படுத்தேன்.

அரிஷ்டம் என்றால் மருந்து. பாலக்காட்டுப் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டில் அது இல்லாமல் இருக்காது. எனக்குப் பிள்ளை பிறந்தபோது வைத்தியர் சொன்னது பாட்டில் மூடியால் இரண்டு மூடி, அதுவும் கொஞ்ச நாளைக்கு. அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமே ஆகிவிட்டது, நான் இன்னும் நிறுத்தவில்லை. மூடியும் டம்ளராகிவிட்டது. குடித்த சற்று நேரத்தில் முகம் சிவந்து, நெஞ்சு படபடக்கும். ரத்தம் ஊறுகிறது என்று பூரித்துப் போவேன். என் தங்கை சுகந்திக்கும் அப்படியே சிவக்கும். அம்மாவின் உடல்வாகு என்று பெருமை வேறு.

அம்மா மார்பகப் புற்றுநோயில் போனவள். சுகந்திக்கும் அதே நோய் வந்து, ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். துரும்பாக இளைத்தவளைத் தேற்ற நான் என்ன செய்தேன் தெரியுமா? பாட்டில் பாட்டிலாக அரிஷ்டம் வாங்கிக் கொடுத்தேன்.

அவளைப் பரிசோதனைக்காகப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அம்மாவுக்கும் தங்கைக்கும் வந்திருப்பதால் எனக்கும் ஜீன் பரிசோதனை செய்யலாம் என்றார் மலையாளி டாக்டரம்மா. கேள்விகள் கேட்டுக்கொண்டே வந்தவர், "டிரிங்ஸ் பழக்கம் உண்டா?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்.

"ஏனுங்க டாக்டர், எங்களப் பாத்தா குடிக்கறவங்களாட்டவா தெரியுது? ஷாப்ப மூடச்சொல்லி ரோட்டுல உக்காந்தவளுங்க நானு."

கதவு திறந்திருந்தது. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

நான் மூச்சு வாங்கிய இடைவெளியில், "வேற மருந்து ஏதாவது?" என்று கேட்டார் டாக்டர்.

"அரிஷ்டந்தானுங்க," என்றாள் சுகந்தி. "நான் மூடில குடிப்பனுங்க. அக்கா டம்ளர்ல குடிக்கும். ரெண்டு பேருக்கும் மூஞ்சி செவசெவன்னு ஆயிருமுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, அது புளிக்க வெச்சு செய்யறது. அதுல ஆல்கஹால் உண்டு. கள்ளுல இருக்கிற அதே பொருள்தான்."

வெளியே யாரோ சிரித்தார்கள்.

உடம்பு ஆல்கஹாலை முதலில் ஒரு நஞ்சாக மாற்றி, பிறகு அந்த நஞ்சைக் கழிக்குமாம். சிலருக்குப் பிறவியிலேயே அந்த இரண்டாவது வேலை மெதுவாக நடக்கும், நஞ்சு தங்கிவிடும், முகம் சிவப்பது அதற்கு அடையாளமாக இருக்கலாம் என்றார். பெண்கள் கொஞ்சம் குடித்தாலும் மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும், அது எந்த ஜீனுக்கு எவ்வளவு என்பது இன்னும் தெளிவாகத் தெரியாது என்றும் சொன்னார்.

"நான் குடுத்ததுனால இவளுக்கு மறுபடி வந்துருமுங்களா?"

"அப்படிச் சொல்ல முடியாது. வராதுன்னும் சொல்ல முடியாது. இனி வேண்டாம்."

அங்கேயே ஓவென்று அழுதேன். நோயாளி என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"உடு அக்கா. ஊரு ஷாப்ப மூடச்சொல்லிப்போட்டு, ஊட்டுக்குள்ள நீ ஒரு ஷாப்பு நடத்திருக்கற," என்றாள். டாக்டரும் சிரித்துவிட்டார்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சுகந்தி இதைச் சொன்னாள். அடுத்த வருஷம் நோய் எலும்புக்குப் போய், அவள் பேச முடியாமல் ஆகும்வரை சொன்னாள். பிறகு போய்விட்டாள். என் ஜீன் பரிசோதனையில் கோளாறு எதுவும் இல்லை என்று வந்திருந்தது. அந்த நல்ல செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

போன மாதம் சுகந்தியின் மகள் கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் மாமியார் ஆசையாக அரிஷ்டம் வாங்கி வந்து நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் கவிதா குழந்தையை மடியில் சரியாகப் போட்டுக்கொண்டு, "அத்தை, எங்க பெரியம்மா ஷாப்பு நடத்துன கதை தெரியுமுங்களா?" என்று ஆரம்பித்தாள். ஒன்றையும் விடவில்லை. அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு பாட்டிலைத் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

எத்தனை வீட்டில் வேண்டுமானாலும் கவிதா என்னைச் சொல்லிச் சிரிக்கட்டும். இவளையும் பறிகொடுக்க என்னால் முடியாது.