மறுத்துப் பேசாத திரை

அரசாங்கம் என்ற ஒன்று தோன்றிய நாளிலிருந்து தேடப்பட்டு வந்த உத்தம ஊழியர், கடைசியில் எங்கள் ஊர்க் குடிநீர் அலுவலகத்தின் மாடியில் கிடைத்தார். அவர் ஒரு பழைய டெர்மினல். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, பழுப்பேறிய விசைப்பலகை. இங்கே அடிப்பதை வயர் வழியாக நீரேற்று நிலையத்தின் கணினிக்கு அனுப்புவது, அது சொல்வதைத் திரையில் காட்டுவது, இவ்வளவுதான் அவர் பணி. சொந்தமாக மூளை கிடையாது. அலுவலகத்தில் யாரும் அதை ஒரு குறையாகக் கருதவில்லை.

அவருக்கு உடம்பு சரியில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் படிப்பைப் பாதியில் விட்டவன். ராத்திரி ஷிஃப்டில் ஒரு கிடங்கைக் காவல் காக்கிறேன். பகலில் தூக்கம் வராததால் பழைய சாமான்களைப் பழுது பார்க்கிறேன்.

"பிரச்சினை ரொம்பத் தீவிரம் தம்பி" என்றார் இயக்குநர். "ஓபன்னு அடிச்சா பென்னு வருது. முதல் எழுத்து விழவே மாட்டேங்குது. தினம் திரையை போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்புறோம். வால்வைத் திறக்கிறீங்களா, பேனா வாங்குறீங்களான்னு கேக்குறாங்க."

"எந்த வால்வு சார்?"

"மேட்டுத் தெரு வால்வு. திறந்தா தண்ணி மேட்டுக்குப் போகும். மூடினா நம்ம அதிகாரிகள் குடியிருப்புக்கு வரும். காலையில திறப்போம், சாயங்காலம் மூடுவோம். ஒரு நாள் தவறினது கிடையாது."

மேட்டுத் தெருவில் என் அக்கா இருக்கிறாள். அங்கே குழாயைத் திறந்தால் காற்று வரத் தொடங்கி வெகு நாளாகிறது. படுக்கையில் கிடக்கும் மாமனாருக்கு முதுகெல்லாம் புண். அவரைத் துடைக்கவும் துணி அலசவும் பள்ளத்திலிருந்து குடம் குடமாகச் சுமக்கிறாள். அதிகாரிகள் குடியிருப்பிலோ தண்ணீர் தடையின்றிக் கொட்டியது. ஆகவே ஊரில் தட்டுப்பாடு இல்லை என்பது அதிகாரிகளின் "நேரடி ஆய்வில்" உறுதியாகியிருந்தது.

ஓர் எழுத்து விழாததால்தான் கணினி உத்தரவை ஏற்கவில்லை என்று நானும் நம்பினேன். அந்த விசையைப் பிடுங்கினேன். அடியில் பல தலைமுறை ஊழியர்கள் சிந்திய தேநீர் பாகாக உறைந்திருந்தது. சுரண்டி, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்து, மாட்டினேன். ஆப்பரேட்டர் அம்மா அடித்தார். 'ஓபன்' முழுசாக வந்தது. கை தட்டினார்கள். படம் எடுத்தார்கள்.

அக்காவுக்கு போன் போட்டேன்.

"தண்ணி வருதா?"

"காத்துதான்டா வருது. நேத்தைவிட நல்லா வருது."

இயக்குநரிடம் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"திரையில வந்துடுச்சில்ல? அப்புறம் என்ன?"

"அந்தப் பக்கத்துக் கணினி என்ன பதில் சொல்லுது சார்?"

"பதிலா?" என்றார் ஆப்பரேட்டர் அம்மா. "முன்னாடியெல்லாம் சொல்லும். மேலிடத்துலேருந்து ஆய்வுக்கு வந்த அன்னிக்கு, மேட்டுத் தெரு தொட்டி காலி, தொட்டி காலின்னு ஒரே டிங் டிங். மானமே போச்சு. சார்தான் பின்னாடி என்னமோ சுவிட்சைத் தள்ளினாரு. அன்னியிலேருந்து தங்கமா இருக்கு."

பின்னால் பார்த்தேன். சுவிட்சின் மேல் டேப். டேப்பின் மேல் 'தொடாதே'. அதன் கீழே இயக்குநரின் சுருக்கொப்பம்.

விசைப்பலகையை மட்டும் சோதிப்பதற்காக வைத்த சுவிட்ச் அது. தள்ளிவிட்டால் டெர்மினல் வெளித்தொடர்பை அறுத்துக்கொள்ளும். அடிப்பது தன் திரையிலேயே விழும், வேறெங்கும் போகாது. ஆக, ஆய்வு நடந்த நாளிலிருந்து அலுவலகம் தனக்குத்தானே ஆணையிட்டு, அது நிறைவேறுவதைத் தானே பார்த்து மகிழ்ந்து வந்திருக்கிறது. மேட்டுத் தெரு மட்டும் இந்த நிர்வாகச் சாதனையைத் 'தண்ணி வரல' என்ற குறுகிய கண்ணோட்டத்தில் பார்த்தது.

டேப்பைக் கிழித்து சுவிட்சைத் தள்ளினேன். ஆப்பரேட்டர் அம்மா அடித்தார். ஓர் எழுத்தும் விழவில்லை.

"நல்லா இருந்ததைக் கெடுத்துட்டீங்களே தம்பி" என்றார் இயக்குநர்.

"இனிமே எழுத்து அங்க போய்த் திரும்பி வந்தாதான் சார் தெரியும். வயர் எங்கே?"

வயர் மேசைக்கடியில் இருந்தது. சுவிட்சைத் தள்ளிய பிறகு இனித் தேவையில்லை என்று கழற்றி, சுருட்டி, ரிப்பனால் கட்டியிருந்தார்கள். பிளக்குக்குள் ஓர் இழை அறுந்திருந்தது. பற்ற வைத்துச் செருகினேன்.

டிங்.

திரை நிரம்பத் தொடங்கியது. தொட்டி காலி. வால்வு மூடியுள்ளது. திறக்கலாமா? டிங். தொட்டி காலி. வால்வு மூடியுள்ளது. திறக்கலாமா?

"அதே பேச்சு" என்றார் இயக்குநர். "கொஞ்சங்கூடத் திருந்தல."

ஆப்பரேட்டர் அம்மாவை நகரச் சொல்லிவிட்டு நானே அடித்தேன். 'வால்வு திறந்தது' என்று பதில் வந்தது. சற்றுப் பொறுத்து அக்காவைக் கூப்பிட்டேன். காலிப் பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "வைடா, அவரை முதல்ல கழுவணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திரும்பிப் பார்த்தால், இயக்குநர் சுவிட்சைப் பழையபடி தள்ளிப் புது டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சார், சாயங்காலம் மூடணுமே?"

"மூடுறது எங்க வேலை. எதிர்த்துப் பேசுற மெஷினை வெச்சுக்கிட்டு ஒரு ஆபீஸை நடத்த முடியுமா? நீங்க கிளம்புங்க."

கிளம்பினேன்.

மறுநாள் அவரே போன் செய்தார். குரல் வறண்டிருந்தது.

"தம்பி, எங்க குடியிருப்புல சொட்டுத் தண்ணி இல்ல. எல்லாம் மேட்டுக்கே போகுது. மூடு மூடுன்னு அடிச்சுக் கை வலிக்குது. வீட்ல என்னை உள்ளேயே விட மாட்டேங்குறாங்க."

"திரையில வந்துடுச்சா சார்?"

"பளிச்சுன்னு வந்துடுச்சு."

"அப்புறம் என்ன?"

அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அந்த டேப்பை எடுத்துட்டு, சுவிட்சை இந்தப் பக்கம் தள்ளினா சரியாயிடுமில்ல?"

யாரும் சொல்லித் தராமலே நினைவுக்கு வந்திருந்தது. மேட்டுத் தெரு காய்ந்து கிடந்தபோது வராத நினைவு.

அந்த உத்தம ஊழியரைப் பற்றி நான் சொன்னதில் மாற்றம் எதுவும் இல்லை. அவருக்கு மூளை கிடையாது. காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னார்கள், பொத்திக்கொண்டார். சொன்னவருக்கு மூளை இருந்தது.