ஐஸ் கம்பனிப் பங்குகளுக்காக ஒரு பூசை

குருநகர்,
யாழ்ப்பாணம்.
ஞாயிறு பின்னேரம்

அன்புத் தங்கை லவீனாவுக்கு,

உன் அண்ணை சிமியோன் எழுதுவது. உன்னையும் உன் கணவர் றொகானையும் உங்கள் மகள், என் மருமகள் ஜெயனியையும் அந்தக் குளிர் தேசத்தில் மாதா தன் முந்தானைக்குள் வைத்திருப்பாராக. இங்கே நானும் உன் மச்சாள் அருமைநாயகியும் சுகம். அவளுடைய முழங்காலும் என்னுடைய வலது காதும் மட்டும் எங்களோடு ஒத்துழைப்பதில்லை. வட்சப் இருக்க இந்த மனுசன் ஏன் பதிவுத் தபாலில் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். அப்பா ஐஸ் கம்பனியோடு செய்த ஒப்பந்தத்தில், சேர்ந்து பங்கு விற்பவர்கள் ஒருவருக்கொருவர் எதை அறிவித்தாலும் எழுத்தில், தபாலில் அறிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே இது கடிதமும்தான், அறிவித்தலும்தான். அறிவித்தல் என்னவென்றால், விற்பனை குழம்பிப்போய்விட்டது. குழப்பியது யார் என்பது கீழே வருகிறது.

நீ அனுப்பிய அற்றோணிப் பத்திரம் கிடைத்தது. "இனி அங்கை எனக்கு என்ன இருக்கு அண்ணை? நீங்களே எனக்காகவும் கையெழுத்து வைச்சு வித்துப்போட்டு, என்ரை பாதியை அனுப்பிவிடுங்கோ" என்று நீ போனில் சொன்ன அன்றே ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரசாங்கக் கச்சேரியில் காலம் முழுக்கச் சுற்றறிக்கை மொழிபெயர்த்தவன் நான், அந்த ஆங்கிலத்தைச் சும்மா விடுவேனா? வரைவிலக்கணத்தைத் தமிழில் எழுதியே பார்த்தேன். 'பெருந்தொகுதி விற்பனை என்பது, கம்பனியின் பங்குகளில் பத்தில் ஒன்றுக்குக் குறையாத தொகையை, ஒரே வாங்குநருக்கு, ஒரே தடவையில், பங்குச் சந்தைக்கு வெளியே, இரு தரப்பும் தனியாகப் பேசித் தீர்த்த விலைக்கு, விலை தீரும் முன்னர் பொதுமக்களுக்கு எவ்விதத்திலும் அறிவிக்காமல் விற்பதாகும். கூடி விற்கும் சகோதரர்கள் ஒரே விற்பனையாளராகக் கருதப்படுவர்.' இதில் ஒன்று பிசகினாலும் அது பெருந்தொகுதி விற்பனை இல்லை. பிறகு ஒரு வருடத்துக்கு அந்த வழியால் விற்க நினைக்கவும் கூடாது.

சகோதரர்கள் ஒரே விற்பனையாளர் என்ற அந்த வசனத்தை நான் எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. உன்னுடையதைத் தனியாக எடுத்தால் பத்தில் ஒன்று வராது, என்னுடையதும் வராது. நம் சகோதரன் ஜெறோம் கண்ணை மூடி, அவனுடைய பங்குகள் நம் இருவருக்கும் வந்து, எல்லாவற்றையும் கூட்டினால்தான் வரும். நானும் அவனும் நீயும் ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் கஞ்சி குடித்து, ஒருவரையொருவர் கடித்து வளர்ந்தவர்கள். நாங்கள் ஒரே ஆள் என்று இதுவரை எந்தத் தாளும் எழுதவில்லை, இந்தத் தாள் எழுதியிருக்கிறது. அதுவும் விற்பதற்காக எழுதியிருக்கிறது. எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

வாங்க வந்தவர் அச்சுவேலியில் ஐஸ்கிறீம் தொழிற்சாலை வைத்திருக்கும் வாகீசன். நல்ல மனுசன், திருநீறு கலையாமல் கதைப்பார். தனியாகப் பேச வேண்டும் என்பதுதானே சட்டம்? அவர் வீட்டுக்கு வந்த அன்று, பக்கத்து வீட்டுக் கிறிஸ்ரினா முதலில் மா அரிக்க அரிதட்டுக் கேட்டு வந்தாள், பிறகு அதைத் திருப்பித் தர வந்தாள், பிறகு அது தன்னுடைய அரிதட்டுத்தான் என்று திரும்ப வாங்க வந்தாள். அதனால் பேச்சைப் படகு கட்டும் ஜெற்றிக்கு மாற்றினோம். அங்கே போட் எஞ்சின் சத்தம், எனக்கோ வலது காது கேளாது, வாகீசன் விலையைக் கத்திச் சொல்ல நான் அதைவிடக் கத்திக் கேட்க, மீன் ஏலம் கூறுகிற ஜெரிசன் எங்கிருந்தோ வந்து நின்று, பழக்க தோசத்தில் "அதுக்கு மேலை ஆர்?" என்று கூவிவிட்டான். வாகீசன் தன்னுடைய வான் வண்டிக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டார். ஆனாலும் அவருடைய சட்டத்தரணி, நெல்லியடிப் பிள்ளை உதயகலா, "ஒட்டுக் கேட்டது அறிவித்தல் ஆகாது" என்று சொல்லிவிட்டார். ஆக அதுவரைக்கும் நாங்கள் வரைவிலக்கணத்துக்குள்தான் நின்றோம்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் இடி விழுந்தது. அடுத்த நாள் விலை தீர்த்துக் கையெழுத்து வைப்பதாக இருந்தது. காலைப் பூசை தொடங்க முன் சுவாமி பூசைக் கருத்துகளை, யாருக்காக, எதற்காகப் பூசை என்பதை, வாசிக்கிறார், வெளியே ஸ்பீக்கரும் போடுகிறார்கள். "இன்றைய திருப்பலி, மரித்த ஜெறோமின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும், அவருடைய சகோதரர்களான சிமியோன், லவீனா ஆகியோரின் ஐஸ் கம்பனிப் பங்குகள் அச்சுவேலி வாகீசனுக்கு நல்ல விலைக்கு விற்பனையாவதற்காகவும் ஒப்புக்கொடுக்கப்படுகிறது." லவீனா, எனக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. இந்தக் கருத்தை யார் எழுதிக் கொடுத்திருப்பார்கள்? வேறு யார், உன் மச்சாள்தான். அவளுக்குப் பக்தியும் அதிகம், வாயும் அதிகம். பூசை முடிந்ததும் கிறிஸ்ரினா மகளின் சீதனத்துக்குப் பத்துப் பங்கு கேட்டாள், இன்னொருவர் இனி ஐஸ் விலை ஏறுமா என்று கேட்டார்.

அது கிடக்கட்டும். அந்தக் கோவிலில் உன் பெயரைக் கேட்டு எவ்வளவு காலம்! பெயர் வாசித்ததும் சனம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது, நீ வந்துவிட்டாயாக்கும் என்று. ஜெறோமின் அடக்கத்தை நீ போனில்தான் பார்த்தாய். சேமக்காலையில் பெட்டி இறக்குகிற நேரம் சிக்னல் போய், உன் அழுத முகம் அப்படியே அசையாமல் நின்றது. நான் அந்தப் போனைப் பிடித்தபடி நின்றேன், வைக்க மனம் வரவில்லை.

திங்கட்கிழமை உதயகலா கோப்பை மூடிவிட்டார். "ஐயா, விலை தீர முன்னம் சனத்துக்கு அறிவிச்சாச்சு. இனி இது வரைவிலக்கணத்துக்குள்ளை வராது."

"சனத்துக்குச் சொல்லேல்லைப் பிள்ளை, கடவுளுக்கெல்லோ சொன்னது?"

"கடவுளுக்குச் சொன்னது பிழையில்லை ஐயா. ஸ்பீக்கரிலை சொன்னதுதான் பிழை."

வாகீசனும் கவலையோடு ஒரு பெட்டி ஐஸ்கிறீம் தந்துவிட்டுப் போனார். உன் மச்சாளோடு நான் பிறகு இரண்டு நாள் கதைக்கவில்லை. உன் அற்றோணிப் பத்திரமும் இந்த விற்பனைக்கு மட்டும் எழுதியது என்பதால் இனிச் செல்லாது. நீ அந்தக் காசை நம்பி வீடு பார்த்திருப்பாய், அண்ணையை மன்னித்துக்கொள். ஜெறோமின் ஆண்டுப் பூசை வைகாசியில் வருகிறது. உனக்கு லீவு கிடைக்காது என்று தெரியும், அதனால் நான் கேட்கவில்லை.

றொகானுக்கு என் அன்பு. ஜெயனியின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு. மூவரையும் ஆண்டவர் காப்பாராக.

இப்படிக்கு,
ஒரே விற்பனையாளரில் பாதியான
உன் அண்ணை சிமியோன்

பி.கு: மச்சாள், நான் அருமைநாயகி. கவரை ஒட்டச் சொல்லி என்னட்டைத் தந்தவர், நான் வாசிக்காமல் ஒட்டுறேல்லை. நான் ஒரு கருத்தும் எழுதிக் குடுக்கேல்லை. சனிக்கிழமை பின்னேரம் முகம் வழிச்சு, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு சுவாமியிட்டைக் கருத்தெழுதின துண்டோடை போனது உம்மடை அண்ணைதான். தான் எழுதின அந்தத் தமிழ் வரைவிலக்கணத்திலை 'அறிவிக்காமல்' எண்ட சொல்லுக்குக் கீழை சிவப்புப் பேனையாலை கோடும் கீறி வைச்சிட்டுத்தான் போனவர். கதவு பூட்டுற அறை வீட்டிலை இருக்க, ஜெற்றியிலை போய் நிண்டு கத்தினதும் அவர்தான். கோவிக்காதேயும் மச்சாள். இதையும் வித்தால் நீர் இனி இந்தப் பக்கமே திரும்பமாட்டீர் எண்டு மனுசனுக்குப் பயம். ஆண்டுப் பூசைக்கு வாரும். அந்த ஒரு வருசம் முடிய விக்கலாம், நானே இவரைப் பிடிச்சுக் கையெழுத்து வைக்கப் பண்ணுறன். இன்னொண்டு, அண்டைக்குக் கோவிலிலை உம்மடை பேர் வாசிக்கேக்கை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது சனமில்லை. இவர் ஒராள்தான்.