கையை நெரித்து மூளையைக் காப்பது குறித்து

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், என்னைத் தவிர. அங்கு அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எனக்காக வேண்டும் காலம் தாண்டிவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன் பல் துலக்கும்போது எனக்கு வாய் கோணி, பேச்சுக் குழறி, அரை மணியில் தானாகச் சரியானது உங்களுக்குத் தெரியும். மூளைக்குப் போகும் ரத்தம் சற்று அடைபட்டதாம். அடுத்தது பெரிதாக வரலாமாம். மாத்திரையோடு விட்டிருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் எலி மூளையோடு மாரடிக்கும் என் மகள், மருத்துவமனை நடத்தும் ஒரு பரிசோதனையில் என்னைச் சேர்த்துவிட்டாள்.

"கையை இறுக்கி அஞ்சு நிமிஷம் ரத்தத்தை நிறுத்துவாங்கப்பா. கையில இருக்கற செல்லெல்லாம் பதறிப்போய் சிக்னல் அனுப்பும். அது போய்ச் சேர்ந்ததும் மூளை செல் உஷாராயிடும். அப்புறம் அடைப்பு வந்தாலும் தாக்குப்பிடிக்கும்."

"நிச்சயமா?"

"அதைத்தானேப்பா பரிசோதிக்கிறோம்!"

முப்பத்தாறு வருடம் ரயில் பாதையில் சிக்னல் போட்டவன் நான். போய்ச் சேருமா என்று தெரியாமல் ஒன்றுகூடக் கொடுத்ததில்லை.

அன்று பிடித்தது சனி. காலை ஐந்து முறை, மாலை ஐந்து முறை, உங்கள் அக்கா கடிகாரத்தோடு எதிரே உட்கார்ந்துவிடுகிறாள், மருத்துவமனை வீட்டுக்கே கொடுத்தனுப்பிய கருவி உறுமிக்கொண்டு கைப்பட்டையை இறுக்குகிறது, விரல் மரத்து, தோள் கடுத்து, கண் இருட்டுகிறது, கத்தினால் "நல்லதுதான், சேதி போகுது" என்கிறாள், குளியலறையில் ஒளிந்தால் "வெளிய வாங்க, மூளை காத்துக்கிட்டிருக்கு" என்கிறாள், முடிவெட்டும் கடைக்கே கருவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், கடைக்காரர் மிரண்டு என் மீசையில் பாதியை வழித்துவிட்டார், இதற்கு நடுவே வாய் கோணுகிறதா என்று பார்க்க மணிக்கொரு தரம் "சிரிங்க பாப்போம்" வேறு. சிரிக்கற நிலைமையிலயா இருக்கேன், சொல்லுங்க!

உடனே வந்து உங்கள் அக்காவை ஒரு மாதம் அழைத்துப் போங்கள். இல்லையேல் அடைப்புக்குத் தப்பி, பட்டையில் போய்ச் சேருவேன்.

உங்கள் வீட்டார் அனைவரும் கைகால் தளர்வாக, ரத்தம் தடையின்றி ஓட, நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
பாதி மீசையுடன்,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மருத்துவமனைத் தாதி தொலைபேசியில் அழைத்தார். பரிசோதனை முடிந்ததாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாதிப் பேருக்கு உப்புக்குச் சப்பாணிக் கருவிதானாம்; படிவத்திலேயே இருந்ததாம், நான்தான் கண்ணாடி இல்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்கு வந்தது அதுதான். லேசாகப் பிடித்ததோடு சரி, ஒரு நாளும் ரத்தத்தை நிறுத்தவே இல்லையாம். கை மரத்தது, கண் இருண்டது எல்லாம் என் சொந்தத் தயாரிப்பு. கேட்டதும் உங்கள் அக்கா தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மூன்று மாதத்தில் அவள் சிரித்தது இன்றுதான். எனக்கோ இப்போதுதான் உறைக்கிறது: இத்தனை நாளும் மூளைக்கு ஒரு சேதியும் போகவில்லையே! நீங்கள் வர வேண்டாம். உங்கள் அக்கா, நிஜக் கருவி கிடைக்குமா என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக் காத்திருக்கிறேன்.