ஒன்றும் செய்யாத பேட்டரியைக் கழற்றியது குறித்து

மூண்டா, தெற்கு ஆஸ்திரேலியா
14 மே 1934

அன்புமிக்க மைத்துனர் கிளெம் ரோவெட் அவர்களுக்கு, ஆல்பர்ட் ட்ரெகென்சா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

நிற்க. தாங்கள் சொந்தக் கையால் செய்தளித்த வானொலிப் பெட்டி தொடர்பாக, என் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல், பின்வருவதைத் தெரிவிக்கிறேன். சனிக்கிழமை பிற்பகல் என் மகள் லவ்டே முதன்முறையாக அடிலெய்டு வானொலி நிலையத்தில் பாடவிருந்தாள். அதை முன்னிட்டுப் பெட்டியைச் சோதித்தேன். மற்ற பேட்டரிகள் உழைத்துத் தேய, ஒலியைப் பெருக்கும் வால்வுக் குழலின் கிரிட் எனும் கம்பிவலையோடு சேர்ந்த சின்ன பேட்டரி மட்டும் துளி மின்னோட்டமும் தராமல் இருப்பதை மீட்டர் காட்டியது. பங்களிக்காத தரப்புக்கு வழக்கில் இடமில்லை என்பதால் அதைக் கழற்றி, கம்பிகளை ஒன்றாக முறுக்கிவிட்டேன். தேவாலயப் பாடகர் குழு முழுவதும் எங்கள் கூடத்தில் வந்து அமர்ந்தது. தங்கள் தங்கை தேர்சா, இறைச்சி அடைத்து அவரவர் பெயரின் முதலெழுத்தை மாவில் பதித்துச் சுட்ட பாஸ்டிகளைப் பரிமாறினாள். லவ்டே வாய் திறந்தாள். பெட்டி கரகரவென்று அலறியது.

"என்னய்யா வக்கீலு, பாடுறது உன் பொண்ணா, சளி புடிச்ச காளையா?" என்றார் குழுத் தலைவர் பென்னெட்ஸ்.

"என்னங்க, எதைக் கழட்டுனீங்க?" என்றாள் தேர்சா.

"சும்மா கிடந்ததைத்தான்!" என்றேன்.

"சும்மாவா? வால்வுக்குள்ள சூடான இழையிலேர்ந்து தகட்டுக்கு எலெக்ட்ரான் மந்தையா ஓடுது. நடுவுல நிக்கிறது கிரிட்டு. அதுல கொஞ்சம் எதிர் மின்னழுத்தம் இருந்தாத்தான் ஓட்டம் அடங்கும், இல்லேன்னா இப்படித்தான் அலறும். பாட்டுக்குத் தக்கபடி அந்த அழுத்தம் ஏறி இறங்குனா ஓட்டமும் கூடிக் குறையும். அதுக்கு அது உழைச்சுத் தேயணுமா? மந்தையை மடக்குற நாய் என்ன ஆட்டைச் சுமந்துக்கிட்டா போகுது? அண்ணன் சொல்றப்ப நீங்க தூங்குனீங்க!"

சொல்லிக்கொண்டே பேட்டரியைப் பொருத்தினாள். கடைசிச் சரணம் தெளிவாகக் கேட்டது. பென்னெட்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் புகைக்குழாயைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன். ஆயினும் முதல் மூன்று சரணங்கள் போனது போனதுதானே, கிளெம்? "கழற்றாதே" என்று பெட்டிமேல் எழுதாதது தங்கள் கவனக்குறைவே. ஆகவே பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கோருகிறேன். இவ்வீட்டில் இறுதி முடிவு என்னுடையது.

தங்கள் ஆடுகளும் முழங்காலும் செழிக்க வேண்டும்,
ஆல்பர்ட்

பி.கு.: தேர்சா இதைப் படித்தாள். கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்தாள், அவ்வளவே. எனவே மேற்கண்ட கோரிக்கை முழுவதையும் நிபந்தனையின்றித் திரும்பப் பெறுகிறேன். வரும் சனிக்கிழமை லவ்டே மறுபடி பாடுகிறாள், அவசியம் வாருங்கள். தங்கள் எழுத்துப் பதித்த பாஸ்டி நிச்சயம் என்கிறாள் தேர்சா. என் எழுத்தைப் பற்றி இதுவரை தகவல் இல்லை. எனக்காக அவளிடம் தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நலம்.